தொடாமல் விட்ட ஒரு பேஸ்



சென்ற இதழில் பழைய வங்கி லெட்ஜர்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு லிஃப்டிலும், காய்கறி வண்டி அருகிலும் நின்று பேசிய எல்லோருக்கும் நன்றி. "அடுத்து என்ன சார்?" என்று கேட்டீர்கள். இந்த முறை விஷயம் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடிய ஒருவரின் கதை. "நமக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மூடிவிடாதீர்கள். எனக்கும் போன வருடம் வரை ஒரு சம்பந்தமும் இல்லை.

பெண் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். அங்கே சனிக்கிழமைதோறும் பேரனைப் பேஸ்பால் பயிற்சிக்கு அழைத்துப் போவது என் வேலை. ஒருநாள் ஆட்டம் முடிந்து பேரனின் அணி ஜெயித்துவிட்டது. பையன்கள் குதித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பயிற்சியாளர் மட்டும் ஒரு பையனைப் பார்த்து, "திரும்பிப் போ, பேஸைத் தொடு, தொட்டுவிட்டு வா!" என்று கத்தினார். ஜெயித்த பிறகு எதற்கு இந்தச் சடங்கு என்று கேட்டேன். "மெர்க்கிள்" என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லிச் சிரித்தார். அன்று இரவு உட்கார்ந்து யார் இந்த மெர்க்கிள் என்று படிக்க ஆரம்பித்தவன், பல நாள் அதையே படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க எனக்கு எங்கள் கிளையில் வேலை பார்த்த ஒருவரின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. கிரிக்கெட் தெரிந்த உங்களுக்கு இது கடினமில்லை. மைதானத்தில் சதுரமாக நான்கு முனைகள். ஒன்று பேட்டர் நிற்கும் இடம், அதற்கு ஹோம் என்று பெயர். மற்ற மூன்றும் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ். பந்தை அடித்தவர் வரிசையாக மூன்றையும் தொட்டு ஹோமுக்குத் திரும்பி வந்தால் ஒரு ரன். ஒரே மூச்சில் வர வேண்டும் என்பதில்லை. வழியில் ஒரு பேஸில் நின்று, அடுத்தவர் அடிக்கும்போது மேலே போகலாம். மூன்று பேர் அவுட்டானால் அந்த அணியின் முறை முடிந்தது. இப்படி ஒன்பது இன்னிங்ஸ்.

ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேஸில் இரண்டு பேர் நிற்க முடியாது. நீங்கள் முதல் பேஸில் நிற்கும்போது பின்னால் ஒருவர் அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடி வந்தால், நீங்கள் இரண்டாம் பேஸுக்குப் போயே ஆக வேண்டும். நீங்கள் போவதற்குள் எதிரணிக்காரர் பந்தோடு அந்தப் பேஸை மிதித்துவிட்டால் நீங்கள் அவுட். அப்படி விழுவது மூன்றாவது அவுட்டாக இருந்தால், அந்த அடியில் வேறொருவர் ஓடி எடுத்த ரன் கணக்கில் சேராது. அவர் முன்னாலேயே ஹோமைத் தொட்டிருந்தாலும் சேராது.

இனி கதைக்கு வருவோம்.

ஃபிரெட் மெர்க்கிள் 1888 டிசம்பர் 20-ஆம் தேதி விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரத்தில். சின்ன ஊர் அணிகளில் ஆடிக்கொண்டிருந்த பையனை 1907-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அப்போது வயது 18. அந்த அணியின் மேனேஜர் ஜான் மெக்ரா. கறார் பேர்வழி, தோல்வி என்றால் பிடிக்காதவர். பேஸ்பாலில் மேனேஜர் என்றால் அணியை நடத்துகிறவர், யார் ஆட வேண்டும் என்று முடிவு செய்கிறவர். அணியில் முதல் பேஸ் இடத்தைக் காப்பவர் ஃபிரெட் டென்னி என்ற அனுபவசாலி. அதனால் மெர்க்கிளுக்குப் பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் வேலைதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வேலைக்குச் சேர்ந்து சீனியர் லீவு போட்டால் மட்டும் கவுன்டரில் உட்கார வைக்கப்படும் பையன்.

1908-ஆம் வருடம் நேஷனல் லீக் போட்டியில் நியூயார்க் ஜயன்ட்ஸ், சிகாகோ கப்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் மூன்று அணிகளும் கழுத்துக்குக் கழுத்தாக ஓடிக்கொண்டிருந்தன. செப்டம்பர் 4-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் கப்ஸ் அணிக்கும் பைரேட்ஸ் அணிக்கும் ஆட்டம். பத்தாவது இன்னிங்ஸில் பைரேட்ஸ் அணியின் வில்சன் அடித்த அடியில் ஜெயிக்கும் ரன் வந்துவிட்டது. முதல் பேஸில் நின்ற வாரன் கில் என்பவர், ஆட்டம்தான் முடிந்துவிட்டதே என்று இரண்டாம் பேஸைத் தொடாமலே திரும்பிவிட்டார். அவர் செய்ததில் புதுமை ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். புத்தகத்தில் விதி இருந்தது, மைதானத்தில் வழக்கம் வேறாக இருந்தது.

ஆனால் கப்ஸ் அணியில் ஜானி எவர்ஸ் என்று ஒருவர் இருந்தார். இரண்டாம் பேஸைக் காப்பவர். ஒல்லியான ஆள், வாய் அதிகம், ராத்திரி படுக்கையில் விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பார் என்று சொல்வார்கள். அவர் பந்தை வாங்கி இரண்டாம் பேஸை மிதித்து, "கில் அவுட், ரன் செல்லாது" என்று முறையிட்டார். அம்பயர் ஹாங்க் ஓடே அன்று தனி ஆளாக நின்றவர். அவர் அதைக் கவனிக்கவில்லை, அதனால் ஏற்க மறுத்தார். கப்ஸ் அணி லீக் தலைவர் ஹாரி புல்லியமிடம் புகார் செய்தும் பலன் இல்லை. ஆனால் ஓடேயின் காதில் அந்த விதி விழுந்துவிட்டது.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வவுச்சரில் இரண்டாவது கையெழுத்து வேண்டும் என்று மேனுவலில் இருக்கும். அவசரத்தில் யாரும் வாங்க மாட்டார்கள், வருடக்கணக்காக அப்படியே ஓடும். ஒருநாள் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து அந்தப் பக்கத்தில் விரலை வைப்பார். அன்றைக்கு அந்த சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் தலையில் விடியும்.

பத்தொன்பது நாள் கழித்து, 1908 செப்டம்பர் 23. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். ஜயன்ட்ஸ் அணிக்கும் கப்ஸ் அணிக்கும் ஆட்டம். அன்று காலை டென்னிக்கு முதுகுப் பிடிப்பு. அந்த வருடம் முழுவதிலும் அவர் ஆடாமல் விட்ட ஆட்டம் இது ஒன்றுதான். "நீ ஆடு" என்று மெர்க்கிளை அனுப்பினார் மெக்ரா. அந்த வருடத்தில் முதல் பேஸ் இடத்தில் ஆட்டத் தொடக்கத்திலிருந்து அவர் இறங்கியது அன்றுதான். வயது 19.

ஜயன்ட்ஸ் தரப்பில் பந்து வீசியவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பிட்சர்களில் ஒருவரான கிறிஸ்டி மாத்யூசன். ஐந்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் ஒரு ரன், ஆறாவதில் ஜயன்ட்ஸ் ஒரு ரன். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி வரை 1-1. ஜயன்ட்ஸ் அணியில் இரண்டு பேர் அவுட். முதல் பேஸில் மெக்கார்மிக் நிற்கிறார். மெர்க்கிள் ஆட வருகிறார்.

இந்த இடத்தை யாரும் சொல்வதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். அந்த நெருக்கடியில், இன்னும் ஒரு அவுட் விழுந்தால் முறை முடிந்துவிடும் நிலையில், அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் பந்தை வலது பக்கம் நன்றாக அடித்தார். மெக்கார்மிக் மூன்றாம் பேஸுக்குப் போனார். மெர்க்கிள் முதல் பேஸில். ஜெயிப்பதற்கு வழி பிறந்ததே அவர் அடியால்தான்.

அடுத்து வந்த அல் பிரிட்வெல் நடு மைதானத்தை நோக்கி அடித்தார். மெக்கார்மிக் ஹோமைத் தொட்டார். 2-1. ஜயன்ட்ஸ் ஜெயித்துவிட்டது!

ஜனங்கள் வேலி தாண்டி மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். அந்த மைதானத்தில் ஆட்டக்காரர்களின் அறை நடு மைதானத்தின் கோடியில் இருந்தது. கூட்டம் சூழ்வதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று எல்லோரும் ஓடுவார்கள். இரண்டாம் பேஸை நோக்கிப் பாதி தூரம் போயிருந்த மெர்க்கிள், கூட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே அறையை நோக்கித் திரும்பினார். வாரன் கில் செய்த அதே காரியம்.

எவர்ஸ் விடுவாரா? பந்தைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். நடு மைதானத்திலிருந்து ஹோஃப்மன் வீசிய பந்து கூட்டத்தில் போயிற்று. விஷயம் புரிந்துபோன ஜயன்ட்ஸ் அணியின் மெக்ஜின்னிடி குறுக்கே வந்து பந்தைப் பிடுங்கிக் கூட்டத்துக்குள் எறிந்தார் என்பார்கள். கடைசியில் எவர்ஸ் ஒரு பந்தோடு இரண்டாம் பேஸின் மேல் நின்றார். அது அதே பந்துதானா, வேறு பந்தா என்று நூறு வருடமாகச் சண்டை நடக்கிறது. இன்னொரு அம்பயர் எம்ஸ்லி, பிரிட்வெல் அடித்த பந்து மேலே படாமல் தப்பிக்கக் கீழே விழுந்ததில் எதையும் பார்க்கவில்லை. ஓடே பார்த்தார். மெர்க்கிள் அவுட், ரன் செல்லாது என்றார். மைதானம் முழுக்க ஜனம், பொழுதும் சாய்ந்துவிட்டது. மேலே ஆட முடியாததால் 1-1 என்று சமநிலையாக அறிவிக்கப்பட்டது.

விதிப்படி பார்த்தால் ஓடே சொன்னது சரி. அதில் நான் வாதாடப் போவதில்லை. பத்தொன்பது நாள் முன்பு இன்னொருவருக்குச் சொல்லாததை இவருக்குச் சொன்னார் என்பதுதான் விஷயம்.

லீக் தலைவர் புல்லியம் தீர்ப்பை உறுதி செய்தார். அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் போட்டித் தொடரின் முடிவில் ஜயன்ட்ஸ், கப்ஸ் இரண்டு அணிகளும் 98 வெற்றி, 55 தோல்வி என்று சமமாக நின்றன. எனவே அந்த ஒரு ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும் என்று முடிவாயிற்று. அக்டோபர் 8-ஆம் தேதி அதே மைதானத்தில் ஆடினார்கள். டென்னி திரும்பி வந்துவிட்டதால் மெர்க்கிள் ஆடவில்லை. கப்ஸ் 4-2 என்று ஜெயித்து, பிறகு உலகத் தொடரில் டெட்ராய்ட் அணியையும் வென்றது. அதன் பிறகு கப்ஸ் அணி அடுத்த உலகத் தொடரை வென்றது 2016-இல். 108 வருடம்!

நியூயார்க் பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. கிடைத்தவர் மெர்க்கிள். அவருக்கு 'போன்ஹெட்' என்று பெயர் வைத்தார்கள். மண்டைக்குள் மூளைக்குப் பதில் வெறும் எலும்பு என்று அர்த்தம். நம் ஊரில் மண்டையில் மசாலா இல்லை என்கிறோமே, அது.

இங்கே ஒரு காமர்ஸ் பட்டதாரியாகக் கொஞ்சம் கணக்குப் பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்றால் ஒரு என்ட்ரியை மட்டும் பார்த்துப் பயனில்லை, எல்லா என்ட்ரியையும் பார்க்க வேண்டும். ஜயன்ட்ஸ் அந்த வருடம் மறு ஆட்டத்துக்கு முன்பே 55 ஆட்டங்களில் தோற்றிருந்தது. செப்டம்பர் 23-க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். பிலடெல்பியா அணியின் ஹாரி கோவலெஸ்கி என்ற புதுப் பிட்சர் ஜயன்ட்ஸ் அணியை ஐந்தே நாளில் மூன்று முறை தோற்கடித்தார். அந்த மூன்றில் ஒன்றை ஜெயித்திருந்தால் மறு ஆட்டமே தேவைப்பட்டிருக்காது. மறு ஆட்டத்திலும் பந்து வீசியவர் மாத்யூசன், தோற்றவர்களும் அணியின் பெரிய ஆட்டக்காரர்கள். இவர்கள் யாருக்கும் பட்டப் பெயர் இல்லை. 55 தோல்விக்கும் பில் ஒரு பையன் பெயரில் போடப்பட்டது.

மெக்ரா இதைப் புரிந்துகொண்டவர். கறார் ஆசாமி என்றேனே, அவர் மெர்க்கிளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாம் ஜெயிக்க வேண்டிய வேறு எத்தனையோ ஆட்டங்களைத் தோற்றோம் என்று எல்லோரிடமும் சொன்னார். அடுத்த வருடம் பையனின் சம்பளத்தைக் கூட்டினார். 1910 முதல் முதல் பேஸ் இடத்தை நிரந்தரமாக அவரிடமே கொடுத்தார். கூட ஆடிய சீஃப் மேயர்ஸ் பல வருடம் கழித்துச் சொன்னது இது: அணியிலேயே புத்திசாலி மெர்க்கிள்தான், மெக்ரா யோசனை கேட்பது அவரிடம்தான். மூளையில்லாதவன் என்று ஊர் சொன்ன ஆளைப் பற்றிக் கூட இருந்தவர் சொன்னது!

புல்லியத்தையும் சொல்ல வேண்டும். 1909 ஜூலையில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அதற்கு இந்த ஒரு தீர்ப்புதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மாதங்களில் அவர் மேல் விழுந்த ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

மெர்க்கிள் என்ன ஆனார்? ஓடி ஒளியவில்லை, ஆடினார். பெரிய லீகில் மொத்தம் 16 வருடங்களில் ஆடினார். 1638 ஆட்டங்கள், 1580 ஹிட்கள். பேட்டிங் சராசரி .273, அதாவது ஆயிரம் முறைக்கு 273 முறை ஹிட். பேஸ்பாலில் இது கௌரவமான எண். 1911-இல் மட்டும் 49 முறை பிட்சரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அதே வருடம் மே 13-ஆம் தேதி ஒரே இன்னிங்ஸில் ஆறு ரன்கள் வர அவர் பேட் காரணமாக இருந்தது. 1912-இல் சராசரி .309.

ஆனால் அந்தப் பெயர் விடவில்லை. 1912 உலகத் தொடரின் கடைசி ஆட்டம், பாஸ்டனில். பத்தாவது இன்னிங்ஸில் மெர்க்கிள் அடித்த அடியில் ரன் வந்து ஜயன்ட்ஸ் 2-1 என்று முந்தியது. அப்படியே முடிந்திருந்தால் நாட்டின் நாயகன் அவர். பாஸ்டன் ஆடும்போது முதலில் ஸ்னாட்கிராஸ் என்பவர் சுலபமான கேட்சை விட்டார். பிறகு ஸ்பீக்கர் அடித்த பந்து உயரே எழும்பி மெர்க்கிள், மாத்யூசன், மேயர்ஸ் மூவருக்கும் நடுவில் யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தது. 'நீ பிடி' என்று மேயர்ஸைக் கூப்பிட்டவர் மாத்யூசன்தான் என்பார்கள். பாஸ்டன் 3-2 என்று ஜெயித்தது. மறுநாள் பேச்சில் மெர்க்கிளின் பெயரும் சேர்ந்துகொண்டது. வெற்றிக்காக அவர் அடித்த அடியைப் பற்றிப் பேச ஆளில்லை. ஸ்னாட்கிராஸ் கதையும் இதேதான். அவர் 86 வயதில் இறந்தபோது பத்திரிகைத் தலைப்பிலேயே அந்த விட்ட கேட்சைப் போட்டார்கள்.

பிறகு மெர்க்கிள் புரூக்ளினுக்கும், அங்கிருந்து, வேடிக்கையைப் பாருங்கள், அதே சிகாகோ கப்ஸ் அணிக்கும் போனார். 1911, 1912, 1913, 1916, 1918 என்று ஐந்து உலகத் தொடர்களில் மூன்று அணிகளுக்காக ஆடினார். ஐந்திலும் அவர் அணி தோற்றது. இதைத் துரதிர்ஷ்டம் என்று எழுதுகிறார்கள். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. மூளையில்லாத ஆளை ஐந்து முறை இறுதிப் போட்டி வரை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்?

1920-க்குப் பிறகு சில வருடம் ராச்செஸ்டர் நகர அணியில் ஆடிவிட்டு, 1925, 1926-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியில் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு ஃபிளாரிடாவின் டேடோனா பீச்சில் குடியேறினார். அங்கே ஒரு சின்ன அணிக்கு மேனேஜராக இருந்தபோது ஒரு இளம் ஆட்டக்காரர் அவரைப் பார்த்து 'போன்ஹெட்' என்று சொல்ல, மைதானத்தை விட்டு நடந்தவர் திரும்பவில்லை என்பார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சொல் உயிரோடு இருந்தது. பேஸ்பாலையே அவர் ஒதுக்கிவிட்டார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அரசாங்க நிவாரண வேலைக்குக்கூடப் போனார். பிறகு தூண்டில் சாமான்கள் செய்யும் ஒரு சிறு தொழிலில் பங்காளியானார்.

ஒருமுறை குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போயிருந்தபோது, வெளியூரிலிருந்து வந்த போதகர், "பேர்கெட்ட ஃபிரெட் மெர்க்கிளின் டொலிடோவிலிருந்து வருகிறேன்" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாராம். குடும்பமே எழுந்து வெளியே வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்தப் போதகருக்கு அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது எப்படித் தெரியும்? சிரிக்க வைக்கத்தான் சொல்லியிருப்பார்.

1950-இல் பழைய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்க போலோ கிரவுண்ட்ஸில் ஒரு விழா. வர மாட்டேன் என்று இருந்தவரை எப்படியோ வரவழைத்தார்கள். 42 வருடம் முன்பு தன்னைத் திட்டிய அதே மைதானத்தில் 61 வயது மனிதர் போய் நின்றார். கூட்டம் கை தட்டி ஆரவாரம் செய்தது. அது அவருக்கு நிம்மதியைக் கொடுத்திருக்கும் என்று நம்ப ஆசைப்படுகிறேன். 1956 மார்ச் 2-ஆம் தேதி டேடோனா பீச்சில் 67 வயதில் காலமானார். கல்லறையில் பெயர்க்கல் வைக்கவில்லை. இன்று பிறந்த ஊரான வாட்டர்டவுனில் ஒரு பேஸ்பால் மைதானத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

அந்த வெற்றி அடியை அடித்த பிரிட்வெல் முதுமையில் சொன்னதைப் படித்தபோதுதான் எனக்குத் தொண்டையை அடைத்தது. அன்று நான் அடிக்காமல் அவுட்டாகியிருக்கலாம், அந்தப் பையனுக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது என்றார் அவர். தன் வாழ்நாளின் பெரிய அடியையே வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருந்த மனிதர்.

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன விஷயம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1983 என்று நினைக்கிறேன், எங்கள் கிளைக்கு ஒரு பையன் கிளார்க்காக வந்தார். வயது 21. ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். கேஷியர் லீவு, இவரைக் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். திங்கட்கிழமை, நல்ல கூட்டம். ஐயாயிரம் ரூபாய் எடுக்க வந்த ஒருவருக்கு ஐம்பது ரூபாய்க் கட்டுக்குப் பதில் நூறு ரூபாய்க் கட்டைக் கொடுத்துவிட்டார். சாயந்திரம் கேஷ் டேலி ஆகவில்லை. ஐயாயிரம் குறைகிறது. பணம் வாங்கியவர் திரும்பி வரவில்லை. அன்றைய எங்கள் சம்பளத்தில் அது நாலைந்து மாதத் தொகை. மாதாமாதம் பிடித்து அடைத்தார்.

மறுவாரம் நான் அவருக்கு 'ஐயாயிரம்' என்று பெயர் வைத்தேன். ஆமாம், நான்தான். டீ வந்தபோது "ஐயாயிரத்துக்கு ஒரு டீ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. மாற்றலாகிப் போன கிளைக்கெல்லாம் அவருக்கு முன்னாலேயே அது போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் கேஷில் உட்கார்ந்தார், ஒரு ரூபாய் குறைந்ததில்லை. கட்டை மூன்று முறை எண்ணாமல் கொடுக்க மாட்டார் என்று வாடிக்கையாளர்கள் குறைப்படுவார்கள். அவருடைய பணி ஓய்வு விழாவில் பேசியவர்களில் ஒருவர், "நம்ம ஐயாயிரம் சார்" என்று ஆரம்பித்தார். கூடம் அதிரச் சிரிப்பு. நானும் சிரித்தேன். மாலையோடு உட்கார்ந்திருந்த அவரும் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவிலிருந்து வந்ததும் அவர் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். உடம்பு, பேரன் பேத்தி எல்லாம் விசாரித்துவிட்டு, சுற்றி வளைத்து, "அந்தப் பேரை வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அதுக்கென்ன சார், விளையாட்டுக்குத்தானே" என்றார். போனை வைக்கும் முன், "டோக்கன் நம்பர் 37 சார். நீலச் சட்டை போட்டிருந்தார்" என்றார்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நம் குடியிருப்பிலும், மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி வழிந்த ஒருநாளுக்காக ஒருவரை இன்னும் ஒரு பெயர் சொல்லி அழைக்கிறோம். வாட்ஸ்அப் குழுவிலும் அந்தப் பெயர் வருகிறது. யார் என்று நான் எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியும். இந்த நாலு வருடத்தில் அவர் நேரத்துக்கு நிறுத்திய நாட்களை எண்ணினால் ஆயிரத்துக்கு மேல் வரும். அடுத்த முறை அவரைக் கூப்பிடும்போது அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம். நானும் அப்படியே செய்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.